34 வருஷம் சாகாத கோழி இதயமும் 50 தடவையில் நின்றுபோன செல்லும்

இந்த எபிசோடில் செல்களின் முதுமையைப் பற்றிப் பேசப்போறோம். டெலோமியர் என்கிற வார்த்தையை ஏதாவது ஒரு யூடியூப் வீடியோவிலோ வாட்ஸ்அப் ஃபார்வர்டிலோ கட்டாயம் பார்த்திருப்பீங்க. குரோமோசோமின் முனையில் ஒரு தொப்பி மாதிரி இருக்கு, வயசாக வயசாக அது தேயுது, அதை நீட்டிவிட்டா முதுமையே வராது. பெரும்பாலும் இப்படித்தான் சொல்வாங்க. அதில் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் அந்தக் கொஞ்ச உண்மைக்கு வந்து சேரவே விஞ்ஞானம் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் தாமதமாச்சு. தாமதத்துக்குக் காரணம் ஒரு கோழியின் இதயம். அங்கேயிருந்தே ஆரம்பிப்போம்.

சாகாத இதயம்

1912 ஜனவரி 17. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனம். அலெக்ஸிஸ் கேரல் என்கிற பிரெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர், கோழிக் கருவின் இதயத்திலிருந்து துளியூண்டு திசுவை வெட்டி எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் ஊட்டக் கரைசல் விட்டு வளர்க்க ஆரம்பிக்கிறார். அதே வருஷம் அவருக்கு நோபல் பரிசும் கிடைக்குது. பரிசு இந்தக் கோழி இதயத்துக்கு இல்லை, அறுந்த ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்கு. இன்றைக்கு நடக்கும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளுக்கு அங்கேதான் அடித்தளம் விழுந்தது. அதனால கேரலை ஏதோ டுபாக்கூர் ஆள்னு நினைச்சுடாதீங்க. நிஜமாவே கெட்டிக்காரர்.

அந்தத் திசு வளர்ந்துகிட்டே இருந்தது. கேரலின் உதவியாளர் ஆல்பர்ட் எபலிங் அதை வருஷக்கணக்கில் பராமரித்தார். ஒரு கோழி உயிரோடு இருக்கும் காலத்தையும் தாண்டி அதன் செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருந்தன. ஜனவரி வந்தால் பத்திரிகைகளில் அதற்குப் பிறந்தநாள் செய்தி வரும். 1944ல் கேரல் இறந்துபோனார், செல்கள் சாகவில்லை. 1946ல் ஆய்வகத்துக்காரர்களே போதும் என்று முடித்துக்கொள்ளும் வரை, மொத்தம் 34 வருஷம்.

இதிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட முடிவு என்ன? செல்லுக்கு இயல்பாகச் சாவு கிடையாது. சரியான சாப்பாடு போட்டு, அழுக்கு சேராமல் பார்த்துக்கொண்டால் அது என்றென்றைக்கும் பிரியும். முதுமை என்பது செல்லுக்கு வெளியே, உடம்பு என்கிற பெரிய ஏற்பாட்டில் வரும் கோளாறு. இது ஒருத்தரின் கருத்தாக இல்லாமல் அந்தத் துறையின் அடிப்படை உண்மையாகவே ஆகிவிட்டது.

சிக்கல் என்னன்னா, வேற யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியலை. மற்றவர்கள் வளர்த்த சாதாரண செல்கள் கொஞ்ச காலம் நன்றாகப் பிரியும், அப்புறம் மெதுவாகும், கடைசியில் நின்றுவிடும். அவங்க என்ன நினைச்சாங்க தெரியுமா? நம்ம கை சரியில்லை. கரைசல் சரியில்லை, கண்ணாடியைச் சரியாகக் கழுவலை, கிருமி புகுந்துவிட்டது. கேரலின் ஆய்வகத்தில் ஊழியர்கள் தலை முதல் கால் வரை கறுப்பு அங்கி போட்டுத்தான் வேலை செய்வார்கள். திசு வளர்ப்பு என்பதே சாமானியர் கைக்கு எட்டாத வித்தை என்கிற பிம்பம் அதில் உருவானது. தோற்றவர்கள் தங்கள் தோல்வியை வெளியே சொல்லாமல் மடித்து வைத்தார்கள்.

நம்ம ஐடி வேலையில் இது ரொம்பப் பழக்கமான காட்சி. சீனியர் ஒருத்தர் "என் சிஸ்டம்ல நல்லாத்தானே ஓடுது" என்பார். உங்க சிஸ்டத்தில் ஓடாது. உடனே நாம சந்தேகப்படறது நம்ம செட்டப்பைத்தான், அவர் சிஸ்டத்தில் என்ன ஒளிஞ்சிருக்குன்னு கேட்கமாட்டோம். இங்கே அந்த சீனியர் கையில் நோபல் பரிசு வேற இருக்கு.

1951ல் இன்னொரு சம்பவம் இந்த நம்பிக்கையை மேலும் இறுக்கியது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்கிற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே செல்களை எடுத்தார்கள். ஹீலா என்று பெயர் வைத்த அந்தச் செல்கள் இன்று வரைக்கும் நிற்காமல் பிரிகின்றன. பார்த்தீங்களா, மனித செல்லும் சாகாது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அது புற்றுநோய் செல் என்பதில் ஒரு பெரிய துப்பு இருந்தது. அதை அப்போது யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

எல்லா பாட்டிலும் ஏன் ஒண்ணா சாகலை?

லியோனார்ட் ஹேஃப்லிக் பிலடெல்ஃபியாக்காரர். 1950களின் கடைசியில் அதே ஊரில் இருக்கும் விஸ்டார் நிறுவனத்தில் வேலை. முதுமையை ஆராய அவர் அங்கே போகவில்லை. மனிதப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணமா என்று பார்க்க வேண்டும், அதற்கு நோயில்லாத சாதாரண மனித செல்கள் தேவை. கருவிலிருந்து எடுத்த திசுக்களை வைத்து 25 செல் வரிசைகளை வளர்த்தார்.

கணக்கு எப்படின்னு சொல்லிடறேன். பாட்டிலின் அடித்தளத்தில் செல்கள் ஒட்டிக்கொண்டு பெருகும். இடம் நிறைந்ததும் பாதிப் பாதியாக இரண்டு பாட்டிலில் பிரிப்பார்கள். அந்த இரண்டும் நிறைந்தால், மொத்தச் செல்கள் ஒரு முறை இரட்டிப்பாகி இருக்கு என்று அர்த்தம். இப்படி எண்ணிக்கொண்டே போனால், சுமார் 50 இரட்டிப்பில் வரிசைகள் ஒவ்வொன்றாக நின்றன. உடனே செத்துப்போவதில்லை, ஆனால் பிரிவதை நிறுத்திவிடுகின்றன.

நம்ம கை சரியில்லை என்று அவரும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். அதே கரைசல், அதே கண்ணாடி, அதே கைகள். பல மாதங்களுக்கு முன் ஆரம்பித்த வரிசை நிற்கும் அதே சமயத்தில், சமீபத்தில் ஆரம்பித்த வரிசை அமோகமாக வளர்கிறது. கரைசலில் விஷம் இருந்தால் எல்லாமே சாகணும் இல்லையா? பழசு மட்டும் ஏன் நிற்கணும்?

இதற்கு அவரும், குரோமோசோம் நிபுணரான பால் மூர்ஹெட்டும் சேர்ந்து செய்த சோதனை இருக்கே, அதுதான் இந்த எபிசோடின் நடுநாயகம். 40 தடவை இரட்டித்த ஆண் செல்களையும், 10 தடவை மட்டுமே இரட்டித்த பெண் செல்களையும் சம அளவில் எடுத்து ஒரே பாட்டிலில் கலந்தார்கள். கலக்காத ஆண் செல்களைத் தனியாக ஒரு பாட்டிலில் வைத்தார்கள். தனியாக இருந்த ஆண் செல்கள் பிரிவதை நிறுத்தியபோது கலவையைத் திறந்து பார்த்தார்கள். குரோமோசோமைப் பார்த்தாலே ஆண் செல்லா பெண் செல்லா என்று தெரிந்துவிடும். கலவையில் இருந்தவை எல்லாம் பெண் செல்கள்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே பாட்டில், ஒரே கரைசல், ஒரே கை. கரைசல் கெட்டது என்றோ கிருமி புகுந்தது என்றோ இனி சாக்கு சொல்ல முடியாது. சாக்கைக் கிளப்பும் வழியையே சோதனையின் அமைப்பு அடைத்துவிட்டது. ரெண்டு வெர்ஷனையும் ஒரே சர்வரில், ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்கிற மாதிரி. செல் நிற்பதற்கான காரணம் செல்லுக்கு உள்ளேயே இருக்கு.

அதோடு விடவில்லை. தங்களை நம்பாத, இந்தத் துறையில் பெயர்பெற்ற சிலருக்குத் தங்கள் செல்களை அனுப்பி, இவை சுமார் எப்போது பிரிவதை நிறுத்தும் என்றும் முன்கூட்டியே சொன்னார்கள். சொன்ன காலம் வந்தபோது, செல்கள் நின்றுவிட்டன என்று அவர்களிடமிருந்து ஃபோன் வந்தது. கறுப்பு அங்கிக்கு நேர் எதிரான வழி இது. என் செல்லை நீயே வைத்துக்கொள், நீயே எண்ணிப் பார்.

கட்டுரையை முதலில் அனுப்பிய சஞ்சிகை ஏற்கவில்லை. திருப்பி அனுப்பிய ஆசிரியர் பெய்ட்டன் ரௌஸ், கேரலின் அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்காரர், பின்னால் 1966ல் நோபல் வாங்கியவர். சரியான சூழலைக் கொடுத்தால் செல்கள் முடிவில்லாமல் பெருகும் என்பது ஐம்பது வருஷத் திசு வளர்ப்பின் மிகப்பெரிய உண்மை என்பது அவர் வாதம். வேறொரு சஞ்சிகையில் 1961ல் கட்டுரை வெளிவந்தது. அந்த எல்லைக்கு ஹேஃப்லிக் எல்லை என்று 1974ல் பெயர் வைத்தவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி மக்ஃபார்லேன் பர்னெட்.

அப்போ கேரலின் இதயம்? செல்களுக்கு உணவாக அவர்கள் ஊற்றியது கோழிக் கருவை அரைத்து எடுத்த சாறு. அதை முழுசாக வடிகட்டாவிட்டால் உயிருள்ள புதுச் செல்கள் அதில் மிதந்து வரும். சாப்பாடு போடும்போதெல்லாம் புது ஆட்களும் உள்ளே போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். வேண்டுமென்றே நடந்ததா, கவனக்குறைவா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

செத்துப்போகும் செல்லின் உபயோகம்

நடுவில் ஒரு கிளைக்கதை, நமக்கும் சம்பந்தம் இருக்கு. ஒரு எல்லையில் நிற்கும் செல் என்றால் அது புற்றுநோய் செல் இல்லை. அப்படியானால் தடுப்பூசிக்கான வைரஸை வளர்க்க அது பாதுகாப்பான இடம். அதுவரை போலியோ தடுப்பூசிக்குக் குரங்கின் சிறுநீரகச் செல்களைப் பயன்படுத்தினார்கள், அதில் எஸ்வி-40 என்கிற குரங்கு வைரஸ் கலந்திருந்தது 1960 வாக்கில் தெரியவந்தது. ஹேஃப்லிக் 1962ல் உருவாக்கிய டபிள்யூஐ-38 என்கிற செல் வரிசையில்தான் ஸ்டான்லி பிளாட்கின் தன் ரூபெல்லா தடுப்பூசியை வளர்த்தார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டாங்களே, வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்ததே, ஞாபகம் இருக்கா? அதில் இருக்கும் ரூபெல்லா வைரஸும் இந்த வகை மனித செல்களில் வளர்க்கப்பட்டதுதான்.

டபிள்யூஐ-38 ஸ்வீடனில் சட்டப்படி கலைக்கப்பட்ட ஒரு கருவின் நுரையீரலிலிருந்து வந்தது. அந்தப் பெண்ணிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. ஹென்ரியெட்டா லாக்ஸ் கதையை இப்போது எல்லோரும் பேசுகிறோம், இதையும் அதே மூச்சில் சொல்லணும்.

கடிகாரம் இல்லை, கவுண்டர்

சரி, செல்லுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே இருக்கு. எது எண்ணுது?

அது நேரத்தைப் பார்க்கும் கடிகாரம் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. 30வது இரட்டிப்பில் செல்களை உறைய வைத்து, வருஷங்கள் கழித்து எடுத்தாலும், மீதியிருக்கும் சுமார் 20 தடவை பிரிந்துவிட்டுத்தான் நிற்கும். ஃப்ரீஸரில் கழிந்த காலம் கணக்கில் வராது. அப்படின்னா அது டைமர் கிடையாது, கவுண்டர். 1970களில் ஹேஃப்லிக்கும் அவருடைய மாணவர் உட்ரிங் ரைட்டும் இளைய செல்லின் உட்கருவையும் முதிய செல்லின் உட்கருவையும் மாற்றி வைத்துப் பார்த்து, அந்தக் கவுண்டர் உட்கருவில் இருப்பதைக் காட்டினார்கள்.

அதற்கும் முன்பே மாஸ்கோவில் ஒருவர் காகிதத்திலேயே விடையைக் கண்டுபிடித்திருந்தார். அலெக்ஸி ஓலோவ்னிகோவ். 1966ல் ஹேஃப்லிக் எல்லை பற்றி ஒரு சொற்பொழிவைக் கேட்டுவிட்டு மெட்ரோ ரயில் நிலையத்துக்கு வருகிறார். சுரங்கத்திலிருந்து ரயில் வருவதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டுகிறது. தண்டவாளம்தான் டிஎன்ஏ, ரயில் அதை நகலெடுக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொண்டால், தண்டவாளத்தின் முனையில் ரயில் பெட்டிக்கு அடியிலேயே இருக்கும் துண்டை அந்த ரயிலால் எப்படி நகலெடுக்க முடியும்?

தரைக்குச் சிமெண்ட் பூசும் கொத்தனாரை நினைச்சுக்குங்க. தான் நிற்கும் இடத்தை மட்டும் அவரால் பூச முடியாது. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிக்கும் அதே நிலைமை. ஆரம்பிக்கக் கால் வைக்க ஒரு சின்னத் துண்டு வேண்டும், பிறகு அந்தத் துண்டை எடுத்துவிடுவார்கள். நடுவில் விழும் ஓட்டையை அடைக்கலாம். கடைசி முனையில் விழும் ஓட்டையை அடைக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் முனை கொஞ்சம் குறையும். பாக்டீரியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, பெரும்பாலும் அதன் டிஎன்ஏ வட்டமாக இருக்கும், வட்டத்துக்கு ஏது முனை?

ஓலோவ்னிகோவ் இதை 1971ல் ரஷ்ய மொழியிலும் 1973ல் ஆங்கிலத்திலும் எழுதினார். கருவணுக்களிலும் புற்றுநோய் செல்களிலும் இந்தக் குறையைச் சரிக்கட்டும் ஒரு தனி நொதி இருக்கவேண்டும் என்றும் ஊகித்தார். இந்த முனைப் பிரச்சினையை 1972ல் ஜேம்ஸ் வாட்சனும் தனியாகக் கவனித்தார், ஆனால் அதை முதுமையோடு இணைத்தவர் ஓலோவ்னிகோவ்தான்.

குளத்து உயிரியும் கிறிஸ்துமஸ் நாளும்

குரோமோசோம் முனைக்கு டெலோமியர் என்ற பெயர் அப்போது புதுசில்லை. 1938லேயே பழ ஈக்களை ஆராய்ந்த ஹெர்மன் முல்லர் வைத்தது. மக்காச்சோளத்தில் பார்பரா மெக்கிளின்டாக்கும் அந்த முனைகளுக்கு ஏதோ தனிப் பாதுகாப்பு இருப்பதைக் கண்டிருந்தார். புடவை முந்தானையில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் கட்டுவாங்களே, அந்த மாதிரி. ஆனால் குஞ்சம் எதனால் ஆனது என்று தெரியாது.

மனித செல்லில் 46 குரோமோசோம், ஆக 92 முனைகள்தான். படித்துப் பார்க்க ரொம்பக் குறைவு. டெட்ராஹைமினா என்கிற ஒற்றைச் செல் குளத்து உயிரியில் குட்டிக் குட்டி டிஎன்ஏ துண்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு, முனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த எலிசபெத் பிளாக்பர்ன், யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் கால் ஆய்வகத்தில் அதைப் படித்தார். முனையில் இருந்தது டி-டி-ஜி-ஜி-ஜி-ஜி என்கிற ஆறே எழுத்து, திரும்பத் திரும்ப 20 முதல் 70 தடவை. 1978ல் வெளியிட்டார். நம்ம செல்லில் அது டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி. எந்தப் புரதத்துக்கும் குறிப்பு இல்லாத, தேய்வதற்கென்றே வைத்த உபரி நீளம். பிறகு ஈஸ்ட்டை ஆராய்ந்த ஜாக் சோஸ்டாக்கோடு சேர்ந்து, குளத்து உயிரியின் முனையை ஈஸ்ட் செல்லில் வைத்தாலும் அது காப்பாற்றுகிறது என்று 1982ல் காட்டினார். அங்கே அந்த முனைகள் நீளவும் செய்தன. அப்போ நீட்டுவது யார்?

1984ல் பெர்க்லியில் பிளாக்பர்னிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார் கேரல் கிரைடர். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாளில் ஆய்வகத்துக்குப் போய்த் தன் எக்ஸ்ரே ஃபிலிமைப் பார்த்தார். ஆறு ஆறு எழுத்தாக நீண்டுகொண்டே போகும் படிக்கட்டு மாதிரி கோடுகள். ஓலோவ்னிகோவ் ஊகித்த நொதி. இது சாதாரண நகலெடுக்கும் நொதியின் வேலையாக இருந்துவிடக் கூடாதே என்று மாதக்கணக்கில் தங்கள் முடிவைத் தாங்களே உடைக்க முயன்றார்கள். உடையவில்லை. 1985 டிசம்பரில் வெளியிட்டார்கள். டெலோமரேஸ் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

அதன் பிறகு துண்டுகள் வேகமாகச் சேர்ந்தன. 1990ல் கால்வின் ஹார்லி, புரூஸ் ஃபட்சர், கிரைடர் மூவரும் மனித செல்கள் பிரியப் பிரிய டெலோமியர் குறைவதைக் காட்டினார்கள். அதே வருஷம் பிளாக்பர்னின் குழு, சாவே இல்லாத டெட்ராஹைமினாவில் டெலோமரேஸைக் கெடுத்துப் பார்த்தபோது அதுவும் ஒரு கட்டத்தில் பிரிவதை நிறுத்தியது. 1994ல் பெரும்பாலான புற்றுநோய்க் கட்டிகளில் இந்த நொதி விழித்திருப்பது தெரிந்தது. ஹென்ரியெட்டா லாக்ஸின் செல்கள் ஏன் நிற்கவில்லை என்பதற்கு ஒருவழியாக விடை. 1998ல் சாதாரண மனித செல்லில் இந்த நொதியை இயங்க வைத்தார்கள். ஹேஃப்லிக் எல்லையை அது தாண்டிப் போனது. பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவருக்கும் 2009ல் நோபல். ஹேஃப்லிக்குக்கும் ஓலோவ்னிகோவுக்கும் அதில் பங்கில்லை. ஓலோவ்னிகோவ் 2022லும் ஹேஃப்லிக் 2024லும் காலமானார்கள்.

இன்னொரு கோழி இதயமா?

இங்கேதான் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். ஒரு காலத்தில் "செல் சாகாது" என்பது கேள்வி கேட்க முடியாத உண்மையா இருந்தது. இப்போ "டெலோமியர்தான் வயசு" என்பது அந்த நாற்காலியில் உட்காரப் பார்க்குது. ரத்தம் எடுத்து டெலோமியர் நீளத்தை அளந்து உங்க நிஜ வயசைச் சொல்றோம் என்று விளம்பரம், அதை நீட்ட மாத்திரை, பவுடர்.

மூணு விஷயத்தை மட்டும் பாருங்க. ஒன்று, ஆய்வக எலியின் டெலோமியர் நம்முடையதைவிட நீளம், ஆனால் எலி வாழ்வது இரண்டு மூன்று வருஷம். நீளம்தான் ஆயுள் என்றால் இந்தக் கணக்கு இடிக்குது. இரண்டு, ஒரே வயசுள்ள ஆரோக்கியமான இருவருக்கே நீளம் பெரிய அளவில் மாறுபடும், அதனால ஒரு தனி மனிதரின் வயசை இதை வைத்துச் சொல்வது கடினம். மிகக் குட்டையாக இருப்பது நிஜமான நோய்தான், எலும்பு மஜ்ஜையும் நுரையீரலும் கெடும் பரம்பரை நோய்கள் உண்டு. அதற்கு மருத்துவர் சொல்லும் பரிசோதனை வேறு, மால் வாசலில் விற்பது வேறு. மூன்று, 2023ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் பரம்பரையாக மிக நீண்ட டெலோமியர் கொண்டவர்களை ஆராய்ந்தார்கள். அவர்கள் முதுமையை வெல்லவில்லை. பலவிதக் கட்டிகளும் ரத்தச் செல் பிரச்சினைகளும் வரும் வாய்ப்புதான் அவர்களுக்குக் கூடுதல். ஹேஃப்லிக் எல்லை என்பது புற்றுநோய்க்கு எதிராக உடம்பு போட்ட பிரேக்காகவும் இருக்கலாம். பிரேக்கைக் கழற்றுவதற்கு முன்னாடி யோசிக்கணும்.

அதனால அடுத்த தடவை ஒரு வீடியோவில் யாராவது டெலோமியரை நீட்டறோம் என்றால், விஸ்டார் நிறுவனத்தில் கேட்ட கேள்வியைக் கேளுங்க. எதோடு ஒப்பிட்டீங்க? ரெண்டையும் ஒரே பாட்டிலில் வச்சுப் பார்த்தீங்களா? வேற யாராவது எண்ணிப் பார்த்தாங்களா? பதிலுக்கு அவங்க பட்டத்தையும் பரிசையும் மட்டும் காட்டினா, பர்ஸை மூடிடுங்க.

அடுத்த எபிசோடில் பார்பரா மெக்கிளின்டாக்கின் மக்காச்சோள வயலுக்குப் போகலாம். இந்த எபிசோடில் ஒரு வரியில் கடந்துவிட்டோம், அவருக்கு அது நியாயம் இல்லை. கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க.